வன்தட்டை மாற்றலாம், சாவி எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், கிள்ளானில் கணினி பழுதுபார்க்கும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு இதுதான்: ‘ஒரு கணினியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க், அதாவது வன்தட்டு, அதை அதிலுள்ள இயங்குதளத்தோடு கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தலாமா?’

பார்த்தால் ஒரு கேள்வி போலத் தெரிகிறது. உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தட்டு புதிய கணினியில் பொருந்துமா? பொருந்தினால் அதில் உள்ள விண்டோஸ் அங்கே எழுந்து நிற்குமா? அப்படியே எழாவிட்டாலும் உள்ளே இருக்கும் நம்முடைய படங்களும் கணக்குகளும் கைக்கு வருமா? இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக் கொள்வதால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இன்றைக்கு இதைப் பேச வேண்டிய அவசியமும் இருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. அதனால் புதுக் கணினி வாங்குகிறோம். வாங்கியதும், ‘அண்ணே, பழைய தட்டை எடுத்து இதில் போட்டுக் கொடுங்கள்’ என்கிறோம். என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது.

தட்டுக்குள் இருப்பது இரண்டு

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப் போவது எளிதில் விளங்கும். நாற்றுப் பண்ணையில் பையில் வளரும் கன்றை மண்ணோடு தூக்கிக்கொண்டு போய் எந்த நிரையிலும் நடலாம். ஆனால் நட்டுப் பத்து ஆண்டு ஆன மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? அதன் வேர் எங்கெங்கோ ஓடியிருக்கும்.

வன்தட்டுக்குள் இருக்கும் உங்கள் படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் பையில் இருக்கும் கன்றுகள். எந்தக் கணினியிலும் அவை அப்படியே திறக்கும். இயங்குதளமோ வேர் விட்ட மரம். எந்தக் கணினியில் ஏற்றினோமோ, அந்தக் கணினியின் தாய்ப்பலகை, செயலி, திரை, வலையமைப்பு ஆகியவற்றுக்கு ஏற்ற டிரைவர் என்னும் சிறு நிரல்களை அது தன்னோடு இணைத்துக் கொண்டிருக்கும். இயங்குதளம் அந்த வன்பொருளோடு பேசுவதற்கான துபாஷிகள் இவை. வேறு ஊருக்குப் போனால் வேறு துபாஷி வேண்டும்.

நீலத் திரை வந்த காலம்

2004-ஆம் ஆண்டு என்று நினைவு. மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணன், பழைய கணினியின் தாய்ப்பலகை எரிந்துவிட்டது என்று என்னிடம் வந்தார். கையில் புதுக் கணினி. விண்டோஸ் எக்ஸ்பி காலம் அது. அகலமான சாம்பல் நிறப் பட்டை வயர் ஞாபகம் இருக்கிறதா? அந்த வயரில் தட்டை மாட்டி மின்சாரம் கொடுத்தேன். விண்டோஸ் சின்னம் ஒரு நொடி வந்தது. உடனே நீலத் திரை. அடியில் 7பி என்று முடியும் ஓர் எண்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள்? கணினியைத் திறந்ததும் முதலில் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ்தான் தட்டைப் படித்து, விண்டோஸின் முதல் பகுதிகளை நினைவகத்தில் ஏற்றி விடுகிறது. அதற்குப் பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரைக் கொண்டு அதே தட்டைப் படிக்க வேண்டும். புதுப் பலகையின் தட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு வேறு ரகம். அதற்கான டிரைவர் தயாராக இல்லை. ஆகவே விண்டோஸுக்குத் தான் குடியிருக்கும் வீட்டு வாசலே தெரியாமல் போய்விட்டது. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

கடைக்கார அண்ணன் முகம் வெளுத்துப் போனார். ‘தம்பி, கடன் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது’ என்றார். நான் கவலைப்பட வேண்டாம் என்றேன். அந்தத் தட்டில் இருந்த ஜம்பர் என்னும் சிறு முளையை மாற்றி, என்னுடைய கணினியில் இரண்டாவது தட்டாக மாட்டினேன். என் கணினியின் விண்டோஸ் இயங்கியது. அவருடைய தட்டு வெறும் அலமாரியாகத் திறந்தது. கணக்குக் கோப்புகளை நகலெடுத்துக் கொடுத்தேன். மரம் பிழைக்கவில்லை, ஆனால் கன்றுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அரை மணி நேர வேலை.

பல ஆண்டுகள் இதுதான் நடைமுறை. ‘இயங்குதளம் போனால் போகட்டும், தட்டு நல்லா இருந்தால் பொருள் வரும்’ என்று நானும் எல்லோரிடமும் தைரியமாகச் சொல்லி வந்தேன். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று எழுந்து நிற்குமா?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லி விடுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டும் எக்ஸ்பியைப் போல முரண்டு பிடிப்பதில்லை. பொதுவான டிரைவர்கள் பலவற்றைக் கையோடு வைத்திருக்கின்றன. தட்டை வேறு கணினியில் மாட்டினால், பல நேரங்களில், சாதனங்களைத் தயார் செய்கிறேன் என்று சொல்லி, ஓரிரு முறை தானே மூடித் திறந்து, எழுந்து நின்றுவிடும். பிறகு திரைக்கும் ஒலிக்கும் வைஃபைக்கும் உரிய டிரைவரை ஏற்றிக் கொண்டால் போதும்.

ஆனால் மூன்று இடங்களில் தடுக்கும்.

ஒன்று, உடம்பே பொருந்தாமல் போவது. பழைய தட்டு ஐடிஇ, அதற்குப் பின் வந்தது சாட்டா, இப்போது வருவது சூயிங்கம் பட்டை போன்ற எம்.2. பல புதிய மடிக்கணினிகளில் சாட்டா தட்டு வைக்க இடமே கிடையாது. எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. பார்க்க ஒன்று போல இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம்.

இரண்டு, தொடங்கும் முறை. பழைய கணினிகள் பயாஸ் முறையில் தொடங்கின. இப்போதுள்ளவை யூஇஎஃப்ஐ முறையில் தொடங்குகின்றன. பழைய முறைக்காக எம்பிஆர் என்ற அமைப்பில் பிரிக்கப்பட்ட தட்டை, பழைய முறையையே விட்டுவிட்ட புதுக் கணினியில் மாட்டினால், ‘தொடங்குவதற்குத் தட்டு இல்லை’ என்று திரை சொல்லும். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். தட்டு செத்துவிட்டது என்று நினைத்து, புதிதாக விண்டோஸ் ஏற்றுகிறேன் என்று தட்டையே அழித்து விடுகிறார்கள். தட்டு சாகவில்லை ஐயா, வாசல்தான் வேறு பக்கம் இருக்கிறது. அதே போல, பழைய கணினியின் அமைப்பில் தட்டுக் கட்டுப்பாடு ‘ரெய்டு’ என்று இருந்து, புதியதில் ‘ஏஎச்சிஐ’ என்று இருந்தாலும் விண்டோஸ் திணறும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அந்த அமைப்பைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

மூன்று, உரிமம். மடிக்கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தத் தாய்ப்பலகையைச் சேர்ந்தது. தட்டை வேறு கணினிக்குக் கொண்டு போனால், இயங்கினாலும், ‘ஆக்டிவேஷன்’ கேட்டுக் கொண்டே இருக்கும். தனியாகக் கடையில் வாங்கிய உரிமத்தைத்தான் ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி உண்டு.

லினக்ஸ் பயன்படுத்தும் இளைஞர்கள் இங்கே சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கிய அந்த இயங்குதளம், பெரும்பாலான டிரைவர்களைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எது தேவையோ அதை எடுத்துக் கொள்கிறது. ஆகவே ஒரு கணினியின் லினக்ஸ் தட்டு இன்னொன்றில் அலட்டிக் கொள்ளாமல் எழுவது சகஜம்.

நேர் எதிர்ப்பக்கம் ஆப்பிள். 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லோடு வெளியிட்டு வரும் மேக் மடிக்கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதன் மறையாக்கச் சாவி முதன்மைச் சில்லுக்குள் இருக்கிறது. அங்கே கழற்றி மாட்டும் பேச்சுக்கே இடமில்லை. வேறொரு தட்டில் நகல் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பூட்டு வந்தது, சாவி தெரியவில்லை

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். என் தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். போன ஆண்டு ஒரு மழைக்காலத்து மாலையில் இடி விழுந்து, மின்செருகியில் இருந்த அவருடைய மடிக்கணினி போய்விட்டது. 2022-இல் வாங்கியது. ‘தம்பி, பெட்டி போகட்டும். தட்டை எடுத்து உன் கணினியில் போட்டால் வந்துவிடும்தானே?’ என்று கேட்டார். அதில் அவருடைய மனைவி, வெளியூரில் படிக்கும் பேத்திக்காகத் தன் குரலில் சொல்லிப் பதிவு செய்து வைத்த சமையல் குறிப்புகள் இருந்தன. ரசத்துக்குப் புளி எவ்வளவு, மீன் குழம்பை எப்போது இறக்குவது, இப்படி. அந்த அம்மா 2023-இல் காலமாகிவிட்டார்.

‘வந்துவிடும் சார், நாளைக்கு வாங்க’ என்றேன். இருபது ஆண்டு அனுபவம் தந்த தைரியம்.

தட்டு நல்லாவே இருந்தது. என் கணினியில் மாட்டினேன். ஆனால் அலமாரி திறக்கவில்லை. பூட்டுப் படம் ஒன்று வந்தது. 48 இலக்க எண்ணைக் கொடு என்றது.

பிட்லாக்கர் என்னும் இந்தப் பூட்டு 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. அப்போது அது பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம். இன்று வீட்டு உபயோக மடிக்கணினிகளிலும், ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் முறை உள்ளே நுழையும்போதே, நம்மைக் கேட்காமலே பூட்டு விழுந்து விடுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு இன்னும் அதிகமான கணினிகளில் இப்படி நடக்கிறது.

இதன் வேலை என்ன? தட்டில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் உருமாற்றி வைக்கிறது. அதைத் திறக்கும் சாவி தட்டில் நேரடியாக இல்லை. தாய்ப்பலகையில், அல்லது செயலிக்குள்ளேயே இருக்கும் டிபிஎம் என்ற காவல் சில்லின் பொறுப்பில் இருக்கிறது. தன் கணினிதான், தன் தட்டுதான், வழக்கம் போலத்தான் தொடங்குகிறது என்று உறுதியானால் மட்டுமே அந்தச் சில்லு வழி விடும். நாம் தினமும் நான்கு இலக்க எண்ணை அழுத்தி உள்ளே போகிறோமே, அந்த எண் வேறு கணினியில் செல்லாது. தட்டைக் கழற்றி வேறு எங்கே மாட்டினாலும் 48 இலக்கம்தான் கேட்கும்.

இது கெட்ட எண்ணத்தில் செய்தது அல்ல. உங்கள் மடிக்கணினியை ஒருவன் திருடிக்கொண்டு போனால் உங்கள் வங்கிக் கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் அவன் பார்க்க முடியாது. நல்ல பூட்டு. ஆனால் அந்தப் பூட்டுக்குத் திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்று முகம் பார்த்துத் தெரியாது. எண் தெரிந்தவன்தான் அதற்கு வீட்டுக்காரன்.

அந்த எண் எங்கே இருக்கும்? கணினியை முதலில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். சாரிடம் கேட்டேன். ‘எனக்கு என்ன தெரியும் தம்பி? வாங்கிய கடையில் ஒரு பையன்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தான்’ என்றார். அந்தப் பையன் தன் விருப்பத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கியிருக்கிறான். சார் அதைக் கேட்கவும் இல்லை, எழுதி வைக்கவும் இல்லை. அப்போது கொடுத்த கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டார். கடைக்குப் போய்க் கேட்டோம், பையன் வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது. பலகையைப் பழுது பார்த்து உயிர் கொடுத்தால் பழைய சில்லே வழி விடுமே என்று, சில்லு மாற்றத் தெரிந்த இருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். இடி செயலி வரை பாய்ந்திருந்தது.

அந்தத் தட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தூக்கி எறிய எனக்கும் மனமில்லை. திரும்பக் கேட்டு வாங்க அவருக்கும் மனமில்லை.

லினக்ஸிலும் இத்தகைய பூட்டு உண்டு. ஆனால் அங்கே வழக்கமாகக் கடவுச்சொல்லை மனிதர்தான் தட்ட வேண்டும். தட்டு எங்கே போனாலும் சாவி உங்கள் தலைக்குள் கூடவே போகும். இங்கே சாவியைப் பலகையிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததே தெரியாமல் இருக்கிறோம். அதுதான் வித்தியாசம்.

இன்றிரவே செய்ய வேண்டியது

அன்பு நேயர்களே, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. கணினி நன்றாக இயங்கும்போதே சில காரியங்களைச் செய்து வையுங்கள்.

முதலாவது, எண்ணை எடுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் பகுதிக்குள் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்ற இடத்தில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கிறதா, இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கணக்குக்குள் சென்று, சாதனங்கள் பட்டியலில் ‘ரெக்கவரி கீ’யைத் தேடுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் இருக்கும். அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைக்காதீர்கள். பெட்டிக்குள் சாவியைப் போட்டுப் பெட்டியைப் பூட்டிய கதையாகிவிடும். பல்கலைக்கழகக் கணக்கிலோ அலுவலகக் கணக்கிலோ தொடங்கிய கணினி என்றால் எண் அவர்களிடம் இருக்கலாம். படிப்பு முடிந்து வெளியே வருவதற்கு முன் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தட்டை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், அதற்கு முன் நகல் எடுங்கள். பிறகு பூட்டைத் திறந்து விடுங்கள். டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்தினால் தட்டு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம், பொறுத்திருங்கள். வேலை முடிந்து புதுக் கணினியில் நிலைத்த பிறகு மறுபடியும் பூட்டிக் கொள்ளலாம்.

மூன்றாவது, கணினியை முழுமையாக மூடுங்கள். சாதாரணமாக ‘ஷட் டவுன்’ கொடுத்தால், அடுத்த முறை வேகமாக எழுவதற்காக விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக் கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுத்தால்தான் முழுத் தூக்கம். பாதித் தூக்கத்தில் கழற்றிய தட்டை வேறு கணினியில் மாட்டி எழுதப் போனால் கோப்புகள் கெட்டுப் போகலாம்.

நான்காவது, புதுக் கணினியில் புதிதாக ஏற்றிய விண்டோஸையே வைத்துக் கொண்டு, பழைய தட்டை யூஎஸ்பி உறையில் போட்டு, வெளியிலிருந்து அலமாரியாகத் திறந்து, வேண்டியதை நகலெடுப்பதே பெரும்பாலோருக்குச் சிறந்த வழி. மரத்தைப் பெயர்க்காதீர்கள், கன்றுகளை மட்டும் கொண்டு வாருங்கள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். பழைய பயனர் பெயரில் இருக்கும் உரிமையைப் புதியவருக்கு மாற்றிக் கொள்ளலாம். ஆனால் ‘இந்தத் தட்டை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று வந்தால், வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

ஐந்தாவது, நனைந்த தட்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சேற்றில் கிடந்த கணினிகளைத் துடைத்து, ஓடுகிறதா பார்ப்போம் என்று மின்சாரம் கொடுத்தவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். திறந்தும் பார்க்காதீர்கள். டக், டக் என்று ஒலி எழுப்பும் தட்டுக்கும் இதே விதிதான். இவை கணினி மாற்றிப் பார்க்கும் வேலை அல்ல, தரவு மீட்பு வல்லுநரின் வேலை.

கடைசியாக என் தொழிலில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. வயதானவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கும்போது, நேரம் மிச்சம் என்று நம் இஷ்டத்துக்கு ஒரு மின்னஞ்சலைப் போட்டு விடுகிறோம். ரசீதின் பின்பக்கத்தில் அந்த முகவரியையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை ஒரு பையன் செலவழித்திருந்தால், ஒரு பேத்திக்குத் தன் பாட்டியின் குரல் கிடைத்திருக்கும்.

நேயர்களே, தட்டு உங்களுடையது. உள்ளே இருப்பதும் உங்களுடையது. சாவியையும் உங்களுடையதாக்கிக் கொள்ளுங்கள். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் முதல் வேலையாக அந்த 48 இலக்கத்தைத் தேடி எடுத்து எழுதி வையுங்கள்.